மணல் வந்துட்டு

வயித்தெரிச்சல் புடிச்சவனுக்கு மொதல்ல போறது எது தெரியுமா என்று பெரியப்பா ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டதும், அவரே பதிலைச் சொன்னதும், சுற்றி இருந்தவர்கள் புரையேறச் சிரித்ததும் நம்பிராஜனுக்கு நன்றாக நினைவிருந்தது. பதில் மட்டும் நினைவில் இல்லை. தூக்கம் என்றாரா, பசி என்றாரா, நாக்கில் ருசி என்றாரா. ருசியாகத்தான் இருக்கும், பந்தியில் உட்கார்ந்து சொன்னதல்லவா. இல்லை, அதைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று, கேட்டவுடன் ஆமாம்லா என்று தோன்றுகிற ஒன்று. காரின் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியைப் பாதி இறக்கினான். மகாராஜநகரில் எந்தத் தெருவில் நிறுத்தினாலும் அதே தெருவில் நிறுத்தியது போலத்தான் இருக்கிறது, அதே சிமெண்ட் நிற மதில், அதே செம்பருத்தி, மதிய வெயிலில் அதே ஆள் இல்லாமை. ஸ்டீபன் சார் வீட்டு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, கெமிஸ்ட்ரி டியூஷன் நடந்துகொண்டிருந்தது. படிக்கட்டு முழுக்கச் செருப்புகள். அவற்றில் மகள் பிரகதியுடையது எது என்று தேடினான், கண்டுபிடிக்க முடியவில்லை, காலையில் அவள் எந்தச் செருப்பைப் போட்டாள் என்று பார்க்காததுதான் காரணம் என்று நினைத்தபோதே, மைத்துனன் ஆவுடை என்றால் கண்டுபிடித்திருப்பான் என்ற நினைப்பும் கூடவே வந்து உட்கார்ந்தது. சார் வகுப்பில் போன் ஆகாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருக்கிறார், அதில் போட்டுவிட்டுத்தான் பிள்ளைகள் ஏறவேண்டும். வாளியில் போட்டால் கண்ணாடியில் கீறல் விழுகிறது என்று பிரகதி தன் போனை அவனிடம் நீட்டிவிட்டுப் போயிருந்தாள். வச்சிருங்கப்பா, அவ்வளவுதான் சொன்னது. வாங்கிய கணத்தில் ஒரு பெருமை வந்தது, மகள் போனை அப்பனிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள், எத்தனை வீட்டில் நடக்கும். அவள் படியேறி மறைந்த பிறகுதான் கணக்கு வேறு மாதிரி விழுந்தது. வாளிக்குப் பதில் அப்பா. டாஷ்போர்டில் வைத்திருந்த போன் ஒரு தடவை துடித்து, தானாகவே கால் விரற்கடை நகர்ந்து, ஓய்ந்தது. நிறமில்லாத கவருக்குள் நான்கு தோழிகள் கன்னத்தோடு கன்னம் ஒட்டி எடுத்த சின்னப் படம் ஒன்று செருகியிருந்தது. இன்னொரு தடவை துடித்தது. அவன் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதைத் தானே கவனித்துக்கொண்டிருந்தான்.

பார்த்தாலும் ஒன்றும் இருக்காது என்பது அவனுக்குத் தெரியும், இந்த எட்டொன்பது மாதத்தில் அவன் கற்றுக்கொண்ட பாடம் அது. மஸ்கட்டை முடித்துக்கொண்டு வந்து இறங்கிய புதிதில், பிள்ளை போனில் என்னவோ நடக்கிறது என்று பயந்தான், பையன் யாராவது இருப்பான், கெட்ட படம் ஏதாவது இருக்கும், பத்திரிகையில் வருகிற மாதிரி ஏதாவது. நடப்பது என்னவென்றால், காலையில் கண் விழித்ததும் பல் தேய்க்கும் முன்னால் பிரகதி பாதி நெற்றியும் மீதி விட்டமுமாக ஒரு படம் எடுப்பாள், அதை வரிசையாகப் பத்துப் பதினைந்து பேருக்கு அனுப்புவாள், அவர்களும் பாதி கன்னம், ஒரு தலையணை, தோசைக்கல் என்று எதையாவது அனுப்புவார்கள், பார்த்ததும் அழிந்துபோகும், அதோடு சரி. மஞ்சள் கட்டத்துக்குள் வெள்ளைப் பேய் நிற்கிற அந்த ஆப்பில் இரண்டு பேர் நாள் தவறாமல் ஒருவருக்கொருவர் ஒரு படமாவது அனுப்பிக்கொண்டால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தீ எரியும், தீக்கு அருகே எத்தனை நாளாக எரிகிறது என்ற எண். ஒரு நாள் ஒருவர் தவறவிட்டால் தீ அணைந்துவிடும், எண் போய்விடும், எத்தனை வருஷத்து எண்ணாக இருந்தாலும். பள்ளிக்கூடம் முழுக்க இந்தத் தீயை வைத்துத்தான் ஓடுகிறது. யாருக்கு யாரோடு எத்தனை என்பது எல்லோருக்கும் தெரியும், பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதுகூட அதை ஒட்டித்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடவே படித்த ரிஃபானா, தன் தீயைப் பிரகதி அணையவிட்டாள் என்று சொல்லி டியூஷன் பேட்சையே மாற்றிக்கொண்டாள். அன்றைக்கு வீட்டில் காய்ச்சல் வந்தது போலப் பிரகதி சுருண்டு படுத்திருந்தாள், அவள் அம்மா கோமதி மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். படம் எடுக்கத் தோதாக ஜன்னல் திரை மாறியது. பின்னால் தெரிகிறது என்று பழைய காலண்டர் போனது. சூடாக வைத்த இட்லி படத்துக்குக் காத்திருந்து ஆறியது. நம்பிராஜன் இதையெல்லாம் பார்த்து, இரண்டு மொழியிலும் தேடித் தேடிப் படித்து, சமூக ஊடகமும் பதின்பருவத்து மூளையும் என்று நீளமான கட்டுரைகளைப் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் போட்டுக்கொண்டிருந்தான். கைகூப்பிய படங்கள் பதிலாக வந்தன. போன மாதம் தலைமையாசிரியை, நீங்க ஒரு நாள் வந்து பிள்ளைகளுக்குப் பேசணும் சார் என்றார். அந்தக் கட்டுரைகளை எல்லாம் எதற்குப் போட்டோம் என்று இப்போது கேட்டால், வெயிலில் நிற்கிற இந்தக் காருக்குள் வேறு யாரும் இல்லாததால் ஒப்புக்கொள்ளலாம், பிள்ளைகளுக்காக இல்லை. ஒரே ஒரு பிள்ளைக்காகவும் இல்லை. ஒரு தீக்காக.

காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால் நடந்தது அது. பிரகதி தானாகவே வந்து, பரீட்சை முடிகிறவரை எனக்குப் போன் வேண்டாம் என்றாள். கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது. நம்பிராஜன் குழுவில் அதையும் போட்டான், பெயர் சொல்லாமல், எனக்குத் தெரிந்த ஒரு மாணவி என்று. ஆனால் போனை அவள் அவனிடம் தரவில்லை, அம்மாவிடமும் தரவில்லை, சமாதானபுரத்தில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிற தன் மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆவுடையப்பன், கோமதிக்கு இளையவன், முப்பத்தைந்து ஆகியும் பெண் அமையாமல் சுற்றுகிறவன், யார் என்ன சொன்னாலும் சிரிக்கிற முகம். ஏன் அவனிடம் என்று நம்பிராஜன் கேட்டபோது, கடை பீரோ இரும்புப்பா என்றாள் பிரகதி. சரிதான் என்று விட்டுவிட்டான். பிறகு ஒரு நாள் ஸ்விட்ச் வாங்கப் போனவன் கடை வாசலிலேயே நின்றுவிட்டான். ஆவுடை ஸ்டூலில் உட்கார்ந்து, பிரகதியின் போனைத் தூக்கிப் பிடித்து, கூரையில் ஓடாமல் நிற்கிற பழைய ஃபேனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அப்புறம் வயர் சுருள். அப்புறம் தன் கட்டைவிரல். ஒவ்வொன்றையும் பொறுமையாக, சாமிக்குப் பூப் போடுகிற மாதிரி, ஒவ்வொரு பெயராகத் தொட்டு அனுப்பினான். நம்பிராஜனைப் பார்த்ததும் கொஞ்சமும் திடுக்கிடவில்லை, திடுக்கிட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். பாப்பா தீ அணைஞ்சிரப்படாதுன்னு சொல்லிருக்கா அத்தான், பதினாலு பேருக்கு டெய்லி போடணும், என் தீயையும் சேத்து, எனக்கு நானே வேற அனுப்பிக்கிடணும் பாத்துக்கிடுங்க என்று சொல்லி, தன்னுடைய போனையும் எடுத்து, அதிலிருந்து பிரகதிக்கு அதே ஃபேனை அனுப்பி, இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேடிக்கையா இல்ல என்று சிரித்தான். பெயருக்குப் பக்கத்தில் இருந்த எண்ணை நம்பிராஜன் பார்த்தான். பெரிய எண். பின்னோக்கிக் கழித்துப் பார்த்தால் அந்தத் தீ மூட்டப்பட்ட நாளில் அவன் மஸ்கட்டில், உப்புநீரைக் குடிநீராக்கும் ஆலையின் பம்ப் ஹவுஸில் நின்றிருப்பான். ஸ்விட்சை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். தவறான ஆம்பியர். மாற்றப் போகவில்லை. இரும்பு பீரோ என்றாளே, பிள்ளை பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னாள். அப்பாவிடம் கொடுத்தால் அப்பா பூட்டி வைப்பார், பூட்டிய சாவியைப் பத்திரமாக வைப்பார், அவ்வளவுதான் அப்பாவால் முடியும் என்பது மீதிப் பாதி.

எனக்கு அவன் மேல் ஒன்றும் இல்லை என்று நம்பிராஜன் காருக்குள் வாய்விட்டே சொன்னான். உண்மைதான், ஒன்றும் இல்லை, நல்ல பையன். எல்கேஜியிலிருந்து அவன்தான் பிரகதியைப் பைக்கில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனான், பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதில் உட்காரவைத்து. கோமதிக்கு ஆபரேஷன் ஆனபோது பிள்ளைக்குத் தலை வாரிவிட்டது அவன்தான், வகிடு கோணல் கோணலாக. சடங்கு வைத்தபோது தாய்மாமன் என்று மாலை போட்டதும் அவன்தான், அது முறை, அப்பன் ஊரில் இருந்திருந்தாலும் அவன்தான் போட்டிருப்பான். அப்பன் ஊரில் இல்லை. லீவு தரவில்லை, தந்திருப்பார்கள், அழுத்திக் கேட்கவில்லை, அதை இப்போது நினைக்க வேண்டாம். வீடியோ காலில் பார்த்தான். யாரோ போனை ஒரு குத்துவிளக்கில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஆவுடை பட்டு வேட்டியில் மாலையைத் தூக்கிக்கொண்டு வருகிறான், பிரகதி தலை குனிகிறாள், யாருடைய சேலையோ உரசி, போன் மல்லாக்க விழுந்தது. அதற்குப் பிறகு நெடுநேரம் பந்தலின் மஞ்சள் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், நாதஸ்வரம் கேட்டது, பெண்களின் குலவை கேட்டது, துணியில் காற்று புகுந்து புடைத்து அடங்கியது, போனை எடுங்களேன் என்று கத்தினான், பம்ப் ஹவுஸில் ஒரு மலையாளி திரும்பிப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. துணியையாவது பார்க்கிறோம் என்று அப்போது நினைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை தோறும் பேசுவான். சாப்பிட்டியா, படிச்சியா, டெஸ்ட்ல எவ்வளவு, அம்மாவைப் படுத்தாம இரு. சாப்பிட்டேன், படிச்சேன், நாப்பத்தெட்டு, சரிப்பா. பேசுவதற்கு விஷயம் வேண்டும் என்று முந்தைய நாளே யோசித்து வைத்திருப்பான். ஒட்டகம், புழுதிக் காற்று, பேரீச்சம்பழத்தில் எத்தனை வகை. ஆவுடைக்கு ஒரு விஷயமும் வேண்டியிருக்கவில்லை. நிற்கிற ஃபேன். வயர் சுருள். கட்டைவிரல். அவள் பதிலுக்கு ஒரு விட்டம். ஒன்றுமே இல்லாததை ஒருத்தருக்கு ஒருத்தர் நாள் தவறாமல் அனுப்பிக்கொள்கிறார்கள், ஒரு குறையும் இல்லை. ரகசியம் ஏதாவது இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம், ரகசியம் என்றால் கேட்கலாம், அதட்டலாம், அப்பன் என்ற உரிமையில் உள்ளே புகலாம். ஃபேனுக்குள் எப்படிப் புகுவது. பெரியப்பா சொன்னது வெட்கமாக இருக்குமோ. மொதல்ல போறது வெட்கம். இல்லை, வெட்கம் இன்னும் போகவில்லையே, கழுத்துக்குப் பின்னால் சுடுகிறதே, வெயிலா அது. கண்ணாடியை முழுவதும் இறக்கினான். மாடியிலிருந்து சாரின் குரல் கேட்டது, எலெக்ட்ரானைக் கொடுக்கிறவன் யார், வாங்கிக்கிறவன் யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார், பிள்ளைகள் இழுத்து இழுத்துப் பதில் சொன்னார்கள்.

அவனுக்கும் ஒரு தீ இருந்தது. அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தான், ஆனால் எதை நினைத்தாலும் சுற்றிக்கொண்டு அங்கேதான் வந்து முட்டுகிறது, ஒற்றைவழிப் பாதையில் மாட்டிய வண்டி போல. கடையில் ஃபேனைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, பரீட்சையும் முடிந்து போனும் திரும்பி வந்த பிறகு, அவனும் அந்த மஞ்சள் கட்டத்தைத் தன் போனில் இறக்கினான். பிரகதியைத் தேடி நட்புக் கோரிக்கை விட்டான், மகளிடம் கோரிக்கை. நீங்க எதுக்குப்பா இதுல என்று சிரித்தாள், ஆனால் சேர்த்துக்கொண்டாள். காபி டம்ளரை அனுப்பினான். விட்டம் வந்தது. மறுநாள் செய்தித்தாள். விட்டம். அதற்கு மறுநாள் தன் கால், செருப்போடு. ஒரு கண் மட்டும் தெரிகிற பிரகதி. பெயருக்குப் பக்கத்தில் தீ எரிந்தது. கோமதியை அடுப்படியிலிருந்து கூப்பிட்டுக் காட்டினான், அவள் எண்ணெய்க் கையோடு வந்து பார்த்து, நல்லாருக்கு, பருப்பு கருகுது என்று போய்விட்டாள். எண் ஏறியது. காலையில் எழும்போது எதை அனுப்பலாம் என்று தோன்றுவது மஸ்கட்டில் என்ன பேசலாம் என்று தோன்றியதைப் போல இல்லை, லேசாக இருந்தது, எதையும் அனுப்பலாம். பிறகு ஒரு நாள் பாஸ்போர்ட் அலுவலகத்தில் காலை முழுக்கப் போய்விட்டது. சாயங்காலம் பார்த்தால் அவள் பெயருக்குப் பக்கத்தில், தீயை ஒட்டி, ஒரு சின்ன மணற்கடிகாரம். நம்பிராஜனுக்கு மணற்கடிகாரம் தெரியும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தெரியும், அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் எதையாவது அழுத்தினால் திரையில் அது வரும், பொறு, உள்ளே வேலை நடக்கிறது, கையை வைக்காதே என்று அர்த்தம். அவசரப்பட்டு இன்னொரு பட்டனைத் தட்டினால் எல்லாம் உறைந்துவிடும், இன்ஜினியர் வந்து திட்டுவான். எத்தனை வருஷம் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பிள்ளை ஏதோ வேலையாக இருக்கிறாள், அல்லது அவள் பக்கத்திலிருந்து ஏதோ வந்துகொண்டிருக்கிறது, தொந்தரவு செய்யக் கூடாது. காத்திருந்தான். மரியாதையாகக் காத்திருந்தான். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தான், மணல் இருந்தது. படுக்கும் முன் பார்த்தபோது மணலும் இல்லை, தீயும் இல்லை, எண்ணும் இல்லை. காலையில் பிரகதியிடம் கேட்டபோது அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். அது சீக்கிரம் அனுப்பு, அணையப்போகுதுன்னு அர்த்தம்பா. அப்புறம், விடுங்க, பரவால்ல என்றாள். அந்தப் பரவால்ல. ரிஃபானாவின் தீ அணைந்தபோது சுருண்டு படுத்தவள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்த ஆவுடை, குழம்பை ஊற்றிக்கொண்டே, அத்தான் மணலப் பாத்துட்டுக் கையக் கட்டிட்டு உக்காந்துட்டாராம்லா என்றான். எல்லோரும் சிரித்தார்கள், கோமதியும். நம்பிராஜனும் சிரித்தான், நன்றாகவே சிரித்தான், சிரித்துக்கொண்டே பிரகதியைப் பார்த்தான், அவள் மாமாவைப் பார்த்துக் கண்ணால் அதட்டிக்கொண்டிருந்தாள், சொல்லாதீங்கன்னு சொன்னேன்லா என்கிற அதட்டல். அந்த அதட்டலைத்தான் தாங்க முடியவில்லை. சிரிப்பை அல்ல.

அவனுடைய போன் அடித்தது. ஆவுடையப்பன். நினைத்ததும் வந்து நிற்கிறான்.

"அத்தான், டியூஷன் வாசல்லயா இருக்கீங்க? பாப்பா போன் உங்க கையிலதான?"

ஆமாம் என்றான் நம்பிராஜன். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

"மணல் வந்துட்டு அத்தான். நான் காலையிலேயே போட்டுட்டேன், அவ இன்னும் போடல. டெஸ்ட் மும்முரத்துல மறந்துட்டா போல. ரொம்ப நேரம் கிடக்காது, அவ இறங்கி வர்றதுக்குள்ள போயிரும். நீங்க தொறந்து எதையாச்சும் ஒண்ண எடுத்து எனக்கு அனுப்பிருங்க. ஸ்டேரிங்க எடுத்தாலும் போதும்."

"பூட்டியிருக்குல்லா."

"நம்ம பழைய ஸ்பிளெண்டர் நம்பர்தான் அத்தான்" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு அது தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது போல ஒரு கணம் நிறுத்தி, நாலு இலக்கத்தையும் சொன்னான். பிறகு கடையில் யாரோ ஹோல்டர் கேட்பது காதில் விழுந்தது. "இந்தா வாரேன்யா. அத்தான், அணைஞ்சா பிள்ள அழுவா. நீங்க பாட்டுக்கு அன்னைக்கு மாதிரி கையக் கட்டிட்டு இருந்துராதீங்க, என்ன" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

நம்ம ஸ்பிளெண்டர். நம்ம. அந்த வண்டிக்குப் பணம் அனுப்பியதே நான்தான் என்று எழுந்த நினைப்பை, சீ, என்று தள்ளினான், அது தள்ளிய இடத்திலேயே நின்று பார்த்தது. பிரகதியின் போனை எடுத்துத் தொடைமேல் வைத்தான். சூடாக இருந்தது. ஒன்றும் செய்ய வேண்டாம். கூப்பிட்டது கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, பேசியாகிவிட்டது, ஆனால் நம்பர் தப்பாக விழுந்துவிட்டது என்று சொல்லலாம், மூன்று தடவை போட்டேன், பூட்டிக்கொண்டது என்று சொல்லலாம், மஸ்கட்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள், இந்த வீட்டில் அவன் அசடாக இருப்பதற்கு அனுமதி உண்டு. நல்லதும்கூட. பிள்ளைக்கு நல்லது. அடிமைத்தனம் இது, எண்ணுக்குப் பின்னால் ஓடுகிற அடிமைத்தனம், ஒரு நாள் அறுத்தால்தான் தெரியும், அழுவாள், இரண்டு நாள் படுத்திருப்பாள், பிறகு எழுந்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்து, சூடாக இட்லி சாப்பிடுவாள். கட்டுரையில் அப்படித்தான் போட்டிருந்தது. தலைமையாசிரியை கேட்ட பேச்சில் இதையே ஒரு உதாரணமாகச் சொல்லலாம், எனக்குத் தெரிந்த ஒரு மாணவி என்று. மைக்கின் முன்னால் நின்று தான் பேசுவது தெரிந்தது, முன் வரிசையில் பிரகதி உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வதும் தெரிந்தது, பந்தலில் மாலைக்குக் குனிந்த அதே குனிவு. நம்பிராஜன் நாலு இலக்கத்தையும் போட்டான். திறந்துகொண்டது. ஒரு தடவையிலேயே திறந்துகொண்டது, அதில்கூட ஒரு ஏமாற்றம். மஞ்சள் கட்டத்தைத் தொட்டான். பெயர்கள் வரிசையாக வந்தன. ரிஃபானா இருந்தாள், தீ இல்லாமல். மேலே, எல்லோருக்கும் மேலே, மாமா, தீ, அந்தப் பெரிய எண், அதன் பக்கத்தில் மணல். அத்தனை சிறியதாக இருந்தது, ஒரு அரிசியளவு. அவன் தன்னைத் தேடினான். கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டியிருந்தது. யார் யாரோ பிள்ளைகள், பாதிக் கன்னங்கள், ஒரு நாய்க்குட்டி, எல்லோருக்கும் கீழே, அப்பா மஸ்கட். வந்து இத்தனை மாதமாகியும் மஸ்கட். ஒரே வீட்டில், ஒரே மேஜையில், தினம் பள்ளிக்கும் டியூஷனுக்கும் கொண்டுவிட்டுக் கூட்டிவந்தும். மாற்ற மறந்திருப்பாள், அவ்வளவுதான், பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கும், இருக்கும், அவர்களுக்கு எல்லா எண்ணும் நினைவிருக்கும். கேமரா திறந்திருந்தது. திரையில் அவனுடைய முழங்காலும் ஸ்டியரிங்கின் கீழ்ப்பாதியும் தெரிந்தன. இடது கை விரல்கள் ஸ்டியரிங்கைப் பற்றியிருந்தன, நகத்தில் பழைய கிரீஸ் கறுப்பு, எத்தனை சோப்புப் போட்டும் போகாதது. வெள்ளை வட்டத்தைத் தொட்டான். படம் விழுந்தது. யாருக்கு என்று கேட்டது. மாமாவைத் தொட்டான், பெயருக்கு எதிரே ஒரு நீலப் புள்ளி வந்தது. கீழே கொண்டுபோய் அப்பா மஸ்கட்டையும் தொட்டான், அங்கும் ஒரு புள்ளி வந்தது. இரண்டு பேருக்கும் போகட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு புள்ளிகளையும் மாறி மாறிப் பார்த்தான். இவளிடமிருந்து இன்றைக்கு எனக்கு ஒன்று, என்னிடமிருந்து அவளுக்கு ஒன்று, நாளைக்கும் டியூஷன் உண்டு, நாளைக்கும் வாளி உண்டு, மூன்று நாள் போனால் தீ எரியும், அவள் கவனிக்கமாட்டாள், கவனித்தால், என்னப்பா இது என்று கேட்பாள், கேட்கட்டுமே. கேட்டால் சொல்வதற்கு ஒன்று இருக்கும். ஆனால் மேலே அது எரிந்துகொண்டிருக்கும்போது கீழே இது எரிந்தால் யார் பார்ப்பார்கள். மூன்று எங்கே, அந்தப் பெரிய எண் எங்கே. ஆவுடையின் எண் எப்போதும் முன்னால் போய்க்கொண்டே இருக்கும், ஒரு நாளைக்கு ஒன்று, இவனுடையதும் ஒரு நாளைக்கு ஒன்று, செத்தாலும் எட்ட முடியாது, எட்டுவதற்கு ஒரே வழி அவனுடையது நிற்பதுதான். மாடியில் சார் எதையோ அழித்துவிட்டு, கேள்வி இருக்கா என்றார். யாருக்கும் கேள்வி இல்லை. பெஞ்சுகள் நகர்ந்தன. முதலில் இறங்கிய பையன் தன் செருப்பைத் தேடிப் படியில் குனிந்தான்.

நம்பிராஜன் மாமாவுக்கு எதிரே இருந்த புள்ளியை எடுத்தான். அப்பா மஸ்கட்டுக்கு மட்டும் அனுப்பினான்.